வியாசர்பாடி ஜெர்சி கடை: கொரிந்துக்கும் கொத்தமல்லிக்கும் நடுவில்

இந்தக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் இறங்கி, கையில் பந்து வைத்திருக்கிற ஏதாவது ஒரு பையனிடம் "ஜெர்சி அண்ணன் கடை எங்கப்பா?" என்று கேளுங்கள், கூடவே வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவான். இந்தப் பக்கம் அப்படி ஒரு பையன் கிடைக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. பலகை என்ன ஆயிற்று என்று அண்ணனிடம் கேட்டேன். "புயல்ல பறந்துச்சுக்கா. ஊருக்கெல்லாம் பேர் அடிச்சுக் குடுக்கறேன், எனக்கு ஒண்ணு அடிக்க நேரம் இல்ல" என்றார்.

நான் பாரிமுனையில், கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் போடுகிற ஒரு கிளியரிங் ஆபீஸில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், இதுதான் நாள் முழுக்க. அனுப்புகிறவர் பெயர், வாங்குகிறவர் பெயர், சரக்கு இறங்க வேண்டிய துறைமுகத்தின் பெயர், இதில் ஒரு எழுத்து பிசகினாலும் பெட்டி யார்டில் உட்கார்ந்துகொள்ளும், டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஏற ஆரம்பித்துவிடும். எழுத்துப்பிழை என்றால் மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு வயிற்றைக் கலக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்தக் கடைக்குப் போனதே ஒரு எழுத்துப்பிழையைத் தூக்கிக்கொண்டுதான்.

என் மகனுக்கு 13 வயது. தெருப் பையன்கள் 16 பேர் சேர்ந்து ஒரு டீம் போட்டார்கள். பிரேசில் என்று பெயர் வைக்க முடியாது, எங்கள் ஏரியாவில் அந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. உலகக் கோப்பை வந்தால் சுவரெல்லாம் மஞ்சளும் பச்சையுமாக ஆகிவிடுகிற இடம், பத்திரிகைகள் 'குட்டி பிரேசில்' என்று எழுதுகிற இடம். மஞ்சள் சட்டை போட்டால் யார் எந்த டீம் என்று அம்மாக்களுக்கே தெரியாது. ஒரு பையன் யோசித்தான். பிரேசில் வேண்டாம், பிரேசிலில் இருக்கிற ஒரு கிளப் பெயரை வைக்கலாம் என்றான். 2012-இல் யோகோஹாமாவில் நடந்த கிளப் உலகக் கோப்பை ஃபைனலில் செல்சியை 1-0 என்று அடித்த சாவ் பாவ்லோ நகரத்து கிளப், கொரிந்தியன்ஸ். வெள்ளைச் சட்டை, கறுப்பு டவுசர். துவைக்கிறவள் நான் என்பதை மறந்துவிட்டு எல்லோரும் சரி என்றார்கள்.

ஆர்டர் கொடுத்தது இந்தக் கடையில் இல்லை. இன்ஸ்டாகிராமில் பார்த்த வேறு ஒரு இடம். பையன்கள் பெயரை எழுதி அனுப்பவில்லை, வாய்ஸ் மெசேஜில் சொன்னார்கள். பத்து நாள் கழித்துப் பார்சல் வந்தது. துணி பரவாயில்லை, காலர் கேட்டபடி கறுப்பு. நெஞ்சில், ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில், 'கொரியாண்டர்ஸ்'. பதினாறு சட்டையிலும்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கோல்கீப்பர் பையன்தான் மெதுவாகச் சொன்னான்: "டேய், கொத்தமல்லின்னு போட்ருக்காங்கடா."

ஞாயிற்றுக்கிழமை மேட்ச். வேறு சட்டை கிடையாது. அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்கினார்கள். எதிர் டீம் பையன்கள் ஒரு மணி நேரமும் விடவில்லை. "ஒரு கட்டு எவ்ளோ?" "கறிவேப்பில கொசுறு உண்டா?" கார்னர் கிக் வந்தால் "ரசத்துல போடு, ரசத்துல போடு." 4-1 என்று தோற்றோம். தோற்றதற்குக் காரணம் சட்டை இல்லை, லெஃப்ட் பேக் என்பது என் மகனின் கருத்து. அந்த லெஃப்ட் பேக் எதிர் வீட்டுப் பையன் என்பதால் இதற்கு மேல் எழுதவில்லை.

அந்த இடத்தில் கேட்டால், நீங்கள் சொன்னதைத்தான் அடித்தோம், திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். மெசேஜை நானே போட்டுக் கேட்டேன். பின்னால் ஒரு தண்ணி லாரி ஹாரன், நடுவில் பையன் விழுங்கி விழுங்கிப் பேசுகிறான். பாதித் தப்பு எங்கள் பேரில்தான். அதனால் அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

ஜெர்சி அண்ணனிடம் போனது அதைத் திருத்த முடியுமா என்று கேட்கத்தான். சட்டையைக் கையில் வாங்கி, எழுத்தை நகத்தால் ஒரு ஓரத்தில் நெம்பிப் பார்த்தார். "வினைல். சூடு காட்டுனா வந்துடும். ஆனா தழும்பு நிக்கும்." நம்பாமல் ஒன்றை மட்டும் உரிக்கச் சொன்னேன். ஹீட் பிரஸ்ஸில் வைத்து எடுத்து, சிட்டிகையால் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக உரித்தார். அவர் சொன்னபடியே ஆயிற்று. எழுத்து போய்விட்டது, அது இருந்த இடம் மட்டும் பளபளவென்று தெரிந்தது. வெளிச்சத்தில் திருப்பினால் கொரியாண்டர்ஸ் என்று பேய் மாதிரி எட்டிப் பார்த்தது. "இதுக்கு காசு வேணாம்" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். மீதி பதினைந்தையும் உரித்துக் காசு பார்த்திருக்கலாம். அங்கேயே எனக்கு இந்த மனிதர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

சரி, புதிதாக அடிப்பது என்று முடிவாயிற்று. அண்ணன் ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்துப் போட்டார். அவர் கடையில் ஒரு சட்டம் உண்டு. பெயரை அவர் எழுத மாட்டார். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் எடுத்துக்கொள்ள மாட்டார். வாங்குகிறவர் நேரில் வந்து, தன் கையால், பெரிய எழுத்தில் நோட்டில் எழுதிக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். முன்பு ஒரு கபடி டீமுக்கு 'சிறுத்தை' என்று அடிக்கச் சொல்லி, ஃபோனில் கேட்டது தப்பாகிப் போய் 'சிறுதானியம்' என்று அடித்து நஷ்டப்பட்டாராம். சட்டம் அதிலிருந்து வந்தது. ஆபீஸில் நாங்கள் ஏற்றுமதியாளரிடம் செக்லிஸ்ட்டில் கையெழுத்து வாங்குவதும் இதே பயத்தில்தான். எனக்கு அந்த நோட்டு ரொம்பப் பிடித்தது.

எழுதப் பேனாவை எடுத்த பிறகுதான் தகராறு. பையன்கள் இந்த முறை நெஞ்சில் தமிழில் வேண்டும் என்றார்கள். ஆங்கிலம் ஒருமுறை காலை வாரிவிட்டதே. தமிழில் எப்படி எழுதுவது? கொரிந்தியன்ஸா, காரிந்தியன்ஸா? பிரேசில்காரர்கள் வாயில் அது 'கொரிஞ்சன்ஸ்' மாதிரி வருகிறது என்று யூடியூபில் போட்டுக் காட்டினான் ஒருவன். என் மாமியார் கூட வந்திருந்தார், தையல் மெஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "எதுக்குடா சண்டை? கொரிந்தியர். வேதத்துலயே இருக்கு" என்றார்.

அத்தைக்கு இந்த டீமின் பெயர் முதல் நாளிலிருந்தே ஏகப்பட்ட சந்தோஷம். பேரன் பரிசுத்த வேதாகமத்திலிருந்து பெயர் எடுத்திருக்கிறான் என்று சபையில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டார். பிரேசில் கிளப் என்று நான் விளக்கினேன். "அவங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சாம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதற்கே செலவழித்தேன்.

கொரிந்தியர் என்றால் கொரிந்து என்கிற கிரேக்க ஊர்க்காரர்கள். அது ஒரு துறைமுக ஊர் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. வரைபடத்தில் பார்த்ததும் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. கிரேக்க நாட்டின் தென்பகுதி பெலோபொனீஸ், கிட்டத்தட்ட தீவு. அதை வடக்கோடு ஒட்டவைத்திருப்பது 6 கிலோமீட்டர் சொச்சம் அகலமுள்ள ஒரு நிலத்துண்டு. அந்தக் கழுத்தில் உட்கார்ந்திருக்கிற ஊர் கொரிந்து. ஊர் ஒன்று, துறைமுகம் இரண்டு. மேற்கே லெகாயோன், இத்தாலி பக்கம் போகிற கப்பலுக்கு. கிழக்கே கெங்க்ரேயாய், ஆசியா பக்கத்துக்கு. (அத்தை உடனே சொன்னார்: "கெங்கிரேயா! பவுல் தலைமுடி எடுத்துக்கிட்ட ஊரு." பவுல், வேதாகமத்தில் வருகிற அப்போஸ்தலர்.) தெற்கே முழுக்கச் சுற்றிப் போனால் மலேயா முனையின் காற்று கப்பலை உடைத்துவிடும். அதனால் சரக்கெல்லாம் இந்தக் கழுத்து வழியாகத்தான். இந்தப் பக்கம் இறக்கி அந்தப் பக்கம் ஏற்று, நடுவில் கொரிந்துக்காரனுக்குக் கூலியும் வரியும் கொடு. கி.மு. 600 வாக்கிலேயே கல் பாவிய ஒரு பாதை போட்டு, கப்பலையே நிலத்தில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். டியோல்கோஸ் என்று பெயர். நான் தினமும் அடிக்கிற டிரான்ஷிப்மென்ட் பேப்பருக்கு இதுதான் பாட்டன் முப்பாட்டன்.

நீரோ மன்னன் கி.பி. 67-இல் அங்கே கால்வாய் வெட்ட ஆரம்பித்தான், முடியவில்லை. முடிந்தது 1893-இல். அடியில் 21 மீட்டர்தான் அகலம். எங்கள் துறைமுகத்துக்கு வருகிற கன்டெய்னர் கப்பல் எதுவும் அதில் மூக்கைக்கூட நுழைக்க முடியாது.

இரண்டு துறைமுகம் இருக்கிற ஊரில் பணம் புழங்கும், மாலுமிகள் வருவார்கள், அப்புறம் என்னென்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், எனக்குத் தெரியாததா. ஏதென்ஸ் நாடகக்காரர் அரிஸ்டோபனீஸ் அந்த ஊர்ப் பெயரிலிருந்தே ஒரு வினைச்சொல் செய்துவிட்டார், 'கொரிந்தியாசெஸ்தாய்' என்று. கொரிந்துக்காரன் மாதிரி நடந்துகொள்வது, அதாவது பெண் சகவாசத்தில் கெட்டு அலைவது என்று பொருள். ஏதென்ஸும் கொரிந்தும் ஜென்மப் பகை என்பதை இங்கே மறக்கக் கூடாது. மைதானத்துக்கு வெளியே நின்று எதிர் டீம் கத்தினதை அகராதியில் ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதை அத்தையிடம் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன். அவர் அசரவே இல்லை. "அதனாலதான்மா பவுல் அவங்களுக்கு ரெண்டு நிருபம் எழுதுனாரு. யோக்கியமா இருந்திருந்தா எதுக்கு அவ்ளோ பேப்பர்?"

அப்புறம் அண்ணனைப் பார்த்து, பவுல் அந்த ஊரில் ஒன்றரை வருடம் தங்கினபோது ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் கூடாரம் தைத்துத்தான் சாப்பிட்டார், உங்கள் தொழில்தான் என்றார். அண்ணன் ஓவர்லாக் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி, "அப்போ மீட்டருக்கு என்ன ரேட்டுமா?" என்றார். அந்த ஊருக்கு எழுதின முதல் நிருபத்தில் ஓட்டப்பந்தய உவமை வருவதும் சும்மா இல்லை. கொரிந்துக்குப் பக்கத்திலேயே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இஸ்த்மியா விளையாட்டுப் போட்டி நடக்கும், ஜெயித்தவனுக்கு இலைக் கிரீடம்.

பெயர் அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போகிறது. முதலில் கெட்ட பெயராகவே போகிறது. ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் இளவரசன், மதுக்கடைப் பையன்கள் என்னை 'கொரிந்தியன்' என்கிறார்கள் என்று பெருமையடித்துக்கொள்கிறான். நம் பாஷையில் 'செம ஆளு'. போகப் போக, காசு இருக்கிற, குதிரையும் குத்துச்சண்டையும் தெரிந்த மைனர் என்று பொருள் வந்தது. அதிலிருந்து, காசுக்கு ஆடாமல் ஆட்டத்துக்காக ஆடுகிற கனவான். 1882-இல் லண்டனில் கொரிந்தியன் என்ற பெயரில் ஒரு ஃபுட்பால் கிளப் ஆரம்பித்தபோது, அந்தச் சொல் குளித்துத் தலைவாரிச் சட்டை மாற்றிக்கொண்டு நின்றது. எல்லோரும் படித்த பணக்காரப் பையன்கள், சம்பளம் வாங்காதவர்கள். 1904-இல் மான்செஸ்டர் யுனைடெட்டை 11-3 என்று அடித்திருக்கிறார்கள். பெனால்டி கிக்கைப் பற்றி அவர்கள் கதை ஒன்று சொல்லப்படுகிறது. கனவான் வேண்டுமென்று ஃபவுல் பண்ணுவானா, ஆகவே பெனால்டி என்பதே அவமானம் என்று, தங்களுக்குக் கிடைத்தால் வெளியே உதைத்துவிடுவார்களாம். இதை எங்கள் பையன்களிடம் சொன்னேன். "லூசுங்களா ஆன்ட்டி அவங்க?" என்றுதான் கேட்டார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை.

அந்தப் பணக்கார கிளப் 1910-இல் பிரேசிலுக்கு ஆடப் போயிற்று. ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, சாவ் பாவ்லோவில் போம் ரெட்டிரோ என்ற தொழிலாளர் பகுதியில் ஐந்து பேர் அதே பெயரில் ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். செப்டம்பர் 1. பெயிண்டர், செருப்புத் தைப்பவர், வண்டி ஓட்டுகிறவர், கூலி. முதல் தலைவராக யாரைப் போட்டார்கள் தெரியுமா? மிகெல் பதாலியா என்ற டெய்லரை. போர்ச்சுகீசில் கொரிந்துக்கு 'கொரிந்த்து' என்று தனிப் பெயர் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் ஆங்கிலப் பெயரை எழுத்து மாறாமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். வாயில் மட்டும் தங்களுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொண்டார்கள்.

டெய்லர் விஷயத்தைக் கேட்டதிலிருந்து அண்ணனுக்கு எங்கள் ஆர்டர் மேல் தனிக் கவனம் வந்துவிட்டது. இன்னொன்றும் சொன்னேன். அந்தக் கிளப்பின் முதல் சட்டை வெள்ளை இல்லை, சந்தன நிறம். துவைக்கத் துவைக்கச் சாயம் போய் வெளுத்துவிட்டது, புதிது வாங்கக் காசு இல்லை, சரி வெள்ளையே நம் நிறம் என்று வைத்துக்கொண்டார்கள் என்று சொல்கிறார்கள். அண்ணன் இதில் கதையைக் கேட்கவில்லை, குறையைத்தான் கேட்டார். "சாயம் நிக்க வெக்கல அவன். காட்டன்ல அப்படித்தான். நம்ம சப்ளிமேஷன் போவாது."

அதை விளக்கியும் காட்டினார். டிசைனைத் திருப்பிப் போட்ட மாதிரி ஒரு தாளில் பிரின்ட் எடுக்கிறார். அதைப் பாலியஸ்டர் துணி மேல் வைத்து, கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக அழுத்துகிறார். மை உருகாமல் நேராக ஆவியாகித் துணி நூலுக்குள்ளேயே போய்விடுகிறது. மேலே ஒட்டிக்கொண்டிருப்பது எதுவும் இல்லை, அதனால் உரியாது, வெடிக்காது. வெள்ளை அல்லது வெளிர் நிறத் துணியில்தான் நடக்கும், காட்டனில் பிடிக்காது. கறுப்புத் துணியில் எழுத்து வேண்டும் என்று கேட்டால் வேறு முறைதான், அது இவ்வளவு நாள் உழைக்காது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார்.

தமிழ் எழுத்துக்கு அவர் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். கம்ப்யூட்டரில் டிசைன் போட இருப்பது பழைய கோரல் டிரா. வாட்ஸ்அப்பிலிருந்து 'கொ' என்பதை எடுத்து ஒட்டினால், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளி வட்டம் என்று மூன்றாக உடைந்து விழுகிறது. பல கடைகளில் இதைக் கவனிக்காமலே அடித்துவிடுவார்கள். கல்யாண பேனரிலேயே பார்த்திருப்பீர்கள். இவர் யூனிகோடை பாமினி என்கிற பழைய எழுத்துருவுக்கு மாற்றி, அதுவும் பிடிக்காமல், கடைசியில் 'கொ'வை மட்டும் கையால் கோடு இழுத்து வரைந்தார். 28 சைஸ் சட்டைக்கு ஏழு எழுத்து நெருக்கும், ஆறு எழுத்து என்றால் கண்ணுக்கு நன்றாக நிற்கும் என்பது அவர் கணக்கு. கொரிந்தியன்ஸ் ஏழு, கொரிந்தியர் ஆறு. இப்படியாக அத்தை ஜெயித்தார்.

ஒரு பையனின் அப்பா மட்டும் எனக்கு ஃபோன் செய்தார். "சிஸ்டர், இது சர்ச் டீமா? எங்க பையனும் இருக்கானே." இல்லை பாய், அது ஒரு ஊர், சென்னைக்காரர் மாதிரி கொரிந்துக்காரர், அவ்வளவுதான் என்றேன். துறைமுகம் என்றதும் சமாதானம் ஆகிவிட்டார். அவர் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். "அங்க இப்ப கன்டெய்னர் வருதா?" என்று கேட்டார். பழைய ஊரை கி.மு. 146-இல் ரோமானியர் இடித்தார்கள், நூறு வருடம் கழித்து ஜூலியஸ் சீசர் திரும்பக் கட்ட வைத்தார், 1858 பூகம்பத்தில் மறுபடி விழுந்து கடற்கரைக்கு நகர்ந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். "சரி சிஸ்டர், சட்டைக்கு எவ்ளோ குடுக்கணும்?" என்றார்.

விலை. ஜெர்சி மட்டும் என்றால் 320, ஷார்ட்ஸோடு 480. பெயரும் நம்பரும் அதிலேயே சேர்த்தி. கோல்கீப்பருக்கு ஃபுல் கை, கூட 60. எங்களுக்கு 16 செட், இரண்டு கீப்பர். மொத்தம் 7,800 ஆயிற்று, 7,500 வாங்கிக்கொண்டார். முன்பணம் 3,000. பத்து செட்டுக்குக் கீழே என்றால் ஒன்றுக்கு 50 ஏற்றுவார். ஜிபே உண்டு, ஆனால் பணம் வந்த சத்தத்தைக் கேட்கிற வரை பார்சலைக் கையில் தர மாட்டார்.

துணி டாட் நிட், திருப்பூரிலிருந்து ரோலாக வருகிறது. தோள் தையல் இரண்டு வரி. மூன்று மாதத்தில் நான் துவைத்த கணக்கு இருபதுக்கு மேல் இருக்கும், இரண்டு முறை மெஷினில் வெந்நீரில் தெரியாமல் போட்டும்விட்டேன். எழுத்து முதல் நாள் மாதிரியே இருக்கிறது. இடுப்பு ஓரம் கொஞ்சம் நூல் பிரிகிறது, அது பையன்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து இழுப்பதால்.

குறைகளும் உண்டு. ஷார்ட்ஸ் எலாஸ்டிக் மட்டமானது. மூன்று துவைப்பிலேயே தொய்ந்துவிட்டது, பாதிப் பையன்கள் உள்ளே நாடா கோத்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணனிடம் சொன்னேன், "அடுத்த ரோல் நல்லதா எடுக்கறேன்" என்றார், நான் நம்பவில்லை. செவ்வாய் தருகிறேன் என்றது வெள்ளிக்கிழமை வந்தது. மழை நாளில் போகாதீர்கள், கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றிக்கொண்டு போக வேண்டிவரும், போனாலும் அவர் ரோலையெல்லாம் பரணில் ஏற்றிக்கொண்டிருப்பார். ஃபோனை எடுக்கவே மாட்டார். பைக்கை நிறுத்த இடம் இல்லை. நான் ஆபீஸ் விட்டு ரயிலில் வந்து இறங்கி, போகிற வழியில் ஒரு தட்டு அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் குடியேறின ஏரியா, அத்தோவில் குறை சொல்ல முடியாது. காத்திருக்கிற நேரத்துக்கு அது ஒரு ஆறுதல்.

ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணன் என்னோடு ஒத்துப்போகவில்லை. சட்டையின் முதுகில் எண்ணுக்குக் கீழே ஏதாவது வாசகம் போடலாமா என்று பையன்கள் கேட்டார்கள். எனக்கு அந்த பிரேசில் கிளப்பின் 1982-ஆம் வருடச் சட்டை ஞாபகம் வந்தது. ராணுவ ஆட்சி. தேர்தல் நவம்பர் 15. சாக்ரடீஸ் என்ற கிரேக்கத் தத்துவ ஞானியின் பெயர் வைத்த டாக்டர் ஒருவர்தான் அவர்களின் நட்சத்திர ஆட்டக்காரர். கிளப்பில் எதை எடுத்தாலும், ஆட்டக்காரர், பந்து பொறுக்குகிறவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரு ஓட்டு என்று நடத்தினார்கள். சட்டை முதுகில் '15-ஆம் தேதி ஓட்டுப் போடுங்கள்' என்று அச்சடித்துக்கொண்டு மைதானத்தில் இறங்கினார்கள். கொரிந்தின் பெயரும் சாக்ரடீஸின் பெயரும் ஒரே சட்டைக்குள் சேர வேண்டுமென்றால் பிரேசில் வரை போக வேண்டியிருந்திருக்கிறது. இதை நான் கொஞ்சம் உணர்ச்சியோடுதான் சொன்னேன். அண்ணன் கேட்டுவிட்டு, "முதுகுல அவ்ளோ எழுதுனா நம்பர் தெரியாதுக்கா, ரெஃப்ரி திட்டுவாரு" என்று முடித்துவிட்டார். தொழில்காரர் சொல்கிறார், விட்டுவிட்டேன்.

இடையில் ஒரு உப கதை. கேக்கில் போடுகிற குட்டிக் கறுப்பு உலர் திராட்சை இருக்கிறதே, இறக்குமதிப் பேப்பரில் அது 'கரண்ட்ஸ்' என்று வரும். இத்தனை வருடமாக எனக்கு மின்சாரம்தான் ஞாபகம் வந்துகொண்டிருந்தது. கொரிந்து திராட்சை என்ற பெயர் வாய் மாறி வாய் மாறித் தேய்ந்து கரண்ட் ஆகியிருக்கிறதாம். கொரிந்து கரண்ட் ஆகலாம் என்றால் கொத்தமல்லி ஆவது என்ன பெரிய குற்றம் என்று அன்றைக்கு ஒரு நிமிடம் தோன்றியது. அந்த முதல் கடைக்காரரை மனதுக்குள் பாதி மன்னித்தேன்.

புதுச் சட்டையில் இதுவரை ஏழு மேட்ச். மூன்று ஜெயிப்பு, இரண்டு டிரா. எதிர் டீம் இப்போது என்ன கத்துகிறது என்று கேட்காதீர்கள். ஒரு முறை கொத்தமல்லி என்றால் எப்போதும் கொத்தமல்லிதான்.

போன சனிக்கிழமை மறுபடி கடைக்குப் போனேன், எலாஸ்டிக் விஷயமாக. கூடவே எங்கள் தெருவின் சின்னப் பசங்கள் பத்துப் பேர் வந்தார்கள், எட்டு ஒன்பது வயசு. பெரியவர்கள் கழற்றிப் போட்ட பழைய சட்டைகளை அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். முட்டி வரை தொங்குகிறது. இப்போது அவர்களும் ஒரு டீம். மூன்று பேருக்குத் தங்கள் சைஸில் சட்டை வேண்டுமாம், பழையது மாதிரியே, அதே இடத்தில் அதே எழுத்து. வேறு நல்ல பெயர் வைக்கலாமே என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

அண்ணன் லாங் சைஸ் நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். கொரியாண்டர்ஸ் என்று ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், என் கையாலேயே எழுதினேன்.

"ஸ்பெல்லிங் ஒருவாட்டி பாத்துட்டு கையெழுத்து போடுக்கா" என்றார்.